ஆகாய வாணிகமும் அரசாங்க விதிகளும்



நெல்லுக்கும் உப்புக்கும் துணிக்கும் சந்தை எப்போது தோன்றியது என்று எவராலும் சொல்ல இயலாது. அவை தோன்றி, வளர்ந்து, தமக்கென்று அளவுகளையும் வழக்கங்களையும் தரகர்களையும் சம்பாதித்துக்கொண்டு நெடுங்காலம் ஆன பிறகே அரசன் சுங்கச்சாவடியோடும் சட்டப் புத்தகத்தோடும் அங்கே வந்து சேர்ந்தான். ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானங்களின், அதாவது இன்று பட்டிதொட்டியெங்கும் ட்ரோன் என்ற பெயராலேயே அறியப்படும் யந்திரங்களின் வாணிகத்திலோ இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. சரக்கு கடைக்கு வருமுன்பே சட்டம் கடைவாசலில் வந்து நின்றுகொண்டது. ஆகையால் இவ்வாணிகத்தில் யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், என்ன எடையுள்ள யந்திரம் விலைபோகிறது, அதை இயக்குகிறவனுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பவற்றையெல்லாம் தேவை, அளிப்பு என்ற இரண்டு சொற்களைக் கொண்டு மட்டும் விளக்க முற்படுகிற பொருளாதார மாணவன் பாதி வழியில் நின்றுவிடுவான். மீதி வழிக்கு அவன் விதிப் புத்தகத்தைத்தான் புரட்டவேண்டும். விதிகள் இச்சந்தையை ஊக்குகின்றனவா, ஒடுக்குகின்றனவா என்று வாதாடுவோர் பலர். அவ்வாதத்தைக் காட்டிலும் எனக்குச் சுவையாகத் தோன்றுவது, விதிகள் இச்சந்தைக்கு என்ன உருவத்தைக் கொடுத்திருக்கின்றன என்ற ஆராய்ச்சியே. அதற்குப் பெரும்பாலும் நம் தேசத்து அனுபவத்தையும், ஒப்புநோக்க அயல்நாட்டு அனுபவம் சிலவற்றையும் தங்கள் முன் வைக்கிறேன்.

ஆகாயம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது முறையாகும். நிலத்துக்கு உடையவன் அதற்கு மேலே வானம் வரைக்கும், கீழே பாதாளம் வரைக்கும் உடையவன் என்பது ஆங்கிலேய வழக்குச் சட்டத்தின் பழைய கொள்கை. விமானம் வந்ததும் அக்கொள்கை ஆட்டங்கண்டது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே காஸ்பி என்ற குடியானவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பக்கத்து விமானத்தளத்தில் இறங்கும் ராணுவ விமானங்கள் அவருடைய நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில் பறந்து சென்றன. கோழிகள் வெருண்டு சுவரில் மோதி மடிந்தன. சுமார் 150 கோழிகள் இவ்வாறு போனபின் பண்ணைத் தொழிலையே அவர் கைவிட நேர்ந்தது. 1946-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வானமளாவிய உடைமைக்கு நவீன உலகில் இடமில்லை என்று ஒரு கையால் தள்ளிவிட்டு, நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு தாழ்ந்த ஆகாயம் நிலத்துக்காரனையே சாரும் என்று மறு கையால் அவருக்கு நியாயம் வழங்கிற்று. அந்தத் தாழ்ந்த ஆகாயம் எத்தனை அடியில் முடிகிறது என்பதை மட்டும் நீதிபதிகள் வரையறுத்துச் சொல்லவில்லை. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, அந்த உயரத்தில் பறந்து காசு சம்பாதிக்க அக்காலத்தில் எவரும் நினைக்காமையால், அதனால் பெரிய நஷ்டம் ஏதும் விளையவில்லை. ட்ரோன் பிழைப்பு நடத்துவதோ முழுக்க முழுக்க அந்த வரையறுக்கப்படாத சில நூறு அடிகளுக்குள்தான்.

வரையறுக்காமல் விட்டதன் பலன் 65 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்தை விளம்பரப் படத்துக்காகச் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டுப் படமெடுத்த ராஃபேல் பிர்க்கர் என்பவருக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 10,000 டாலர் தண்டம் விதித்தது. 2014 மார்ச்சில் நிர்வாக நீதிபதி ஒருவர், இத்தகைய சிறு யந்திரத்தைக் கட்டுப்படுத்தச் செல்லுபடியாகும் விதி எதுவும் இல்லை என்று தண்டத்தை ரத்துச் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட வாரியம், ட்ரோனும் விமானமே என்று தீர்ப்பை மாற்றிற்று. 2015 ஜனவரியில் 1,100 டாலருக்கு வழக்கு சமாதானமாயிற்று. மார்ச்சில் நியாயமான தொழில் நவம்பரில் குற்றமாகுமானால், அத்தொழிலுக்கு எந்த வங்கிக்காரர் கடன் கொடுப்பார், எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கும்? இதற்கிடையே சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்பியவர்களுக்குத் தனித்தனி விதிவிலக்கு என்ற ஒரு வாசல் திறந்திருந்தது. 2014 செப்டம்பரில் அவ்வாசல் வழியே முதலில் நுழைந்தவர்கள் சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர்கள். அந்த விதிவிலக்கின் கீழ் யந்திரத்தை இயக்குகிறவர், மனிதரை ஏற்றிச் செல்லும் விமானத்தை ஓட்ட உரிமம் பெற்றவராயிருக்க வேண்டும். வீடு விற்கும் தரகர் ஒருவர் அதன் கூரையைப் படமெடுத்து வாடிக்கையாளருக்குக் காட்ட விரும்பினால் உரிமம் பெற்ற விமானியைத் தேடிப்போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம். 2016 ஆகஸ்டு 29-ஆம் தேதி புதிய விதி நடைமுறைக்கு வந்து, 16 வயது நிரம்பி ஓர் எழுத்துப் பரீட்சையில் தேறியவர் எவரும், 55 பவுண்டுக்குட்பட்ட யந்திரத்தை, 400 அடிக்குள், பகல் வெளிச்சத்தில், தம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இயக்கலாம் என்று சொன்ன பிறகே அத்தொழில் தரகருக்கும் கட்டட மேஸ்திரிக்கும் எட்டும் விலைக்கு இறங்கிற்று. யந்திரத்தின் கிரயம் அப்படியேதான் இருந்தது. அதை இயக்கும் மனிதனின் கிரயம் இறங்கியது.

நம் தேசத்துக்கு வருவோம். 2014 மே மாதத்தில் மும்பையில் ஓர் உணவகத்தார் ட்ரோன் மூலம் ஒரு பீட்சாவை மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அனுப்பி, அதைப் படமும் பிடித்து வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் ரசித்தார்கள், போலீஸார் விளக்கம் கேட்டார்கள். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் தேதி சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வெளியிட்ட பொது அறிவிப்பு, விதிகள் வகுக்கப்படும் வரை சர்க்கார் அல்லாத எந்த ஸ்தாபனமும் எந்தத் தனிமனிதரும் எந்தக் காரியத்துக்காகவும் ட்ரோனைப் பறக்கவிடலாகாது என்று கூறிற்று. விதிகள் வகுக்க நான்காண்டுகள் பிடித்தன.

அந்நான்காண்டுகளும் ட்ரோன்கள் தரையிலேயே கிடந்தன என்று எவரும் எண்ண வேண்டாம். கல்யாண மண்டபங்களுக்கு மேலும், தேர்த்திருவிழாக் கூட்டங்களுக்கு மேலும், சினிமாப் படப்பிடிப்புத் தலங்களுக்கு மேலும் அவை தாராளமாகப் பறந்தன. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை மேலிருந்து எடுத்துத் தராத ஸ்டூடியோவுக்கு ஆர்டர் கிடைக்காது என்ற நிலைமை சிறு நகரங்களிலும் ஏற்பட்டுவிட்ட பிறகு, டில்லியிலிருந்து வந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருக்க அந்தத் தொழிலாளிக்கு அவகாசம் ஏது? ஆகவே முழுத்தடையானது சந்தையை அழித்துவிடவில்லை. அதில் இறங்கக்கூடிய ஆட்களைச் சல்லடை போட்டுச் சலித்துக் கொடுத்தது. பிடிபட்டால் இழப்பதற்கு ஒரு யந்திரத்துக்கு மேல் எதுவுமில்லாத சிறு மனிதர்கள் உள்ளே வந்தார்கள். பெயரும் முதலும் கணக்குத் தணிக்கையும் உள்ள ஸ்தாபனங்கள் வெளியே நின்றன. கேமரா பொருத்திய சிறு ட்ரோனை வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வாங்கி வந்து மறுநாளே தொழில் தொடங்கலாமாதலால் அது தழைத்தது. தொழிற்சாலையும் பொறியாளரும் பரிசோதனை மைதானமும் வேண்டிய தயாரிப்புத் தொழிலோ, தயாரித்த சரக்கைப் பறக்கவிட்டுக் காட்டவே சட்டத்தில் இடமில்லாத ஒரு நாட்டில் எப்படி முளைக்கும்? சீனத்தின் ஷென்ஜென் நகரத்தில் அத்தொழில் ஆழ வேரூன்றியது இதே ஆண்டுகளில்தான்.

2018 ஆகஸ்டில் வெளியாகி டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த முதல் விதித்தொகுதி, 'அனுமதியில்லையேல் பறப்பில்லை' என்ற ஒரு தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை பறப்பதற்கும் டிஜிட்டல் ஸ்கை என்ற சர்க்கார் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தாலன்றி யந்திரமே கிளம்பாதபடி அதற்குள் மென்பொருள் அமைந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கருத்தளவில் இது உலகத்தில் எவரும் யோசித்திராத நேர்த்தியான யுக்தி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்பொருளோடு கூடிய யந்திரம் கடையில் இல்லை. கடையில் இருந்த யந்திரத்தில் அந்த மென்பொருள் இல்லை. 2020 ஜனவரியில், ட்ரோன் வைத்திருப்போர் மாத முடிவுக்குள் தாமாக முன்வந்து அதைத் தெரிவிக்கலாம் என்று சர்க்காரே அறிவிப்பு வெளியிட நேர்ந்ததைக் காட்டிலும், ஏட்டுச் சட்டத்துக்கும் தெருச் சந்தைக்கும் இடையே இருந்த தூரத்தைக் காட்டும் சாட்சியம் வேறென்ன வேண்டும்?

சட்டபூர்வமான சந்தை நம் நாட்டில் முதலில் தோன்றியது விதியினாலன்று, விதிவிலக்கினால் என்பது கவனிக்கத்தக்கது. 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கிய ஸ்வாமித்வ திட்டத்தின் கீழ், கிராம நத்தக் குடியிருப்புகளை ட்ரோன் கொண்டு அளந்து சொத்துரிமை அட்டை வழங்கும் காரியத்தை இந்திய நில அளவைத் துறை மேற்கொண்டது. அதே ஆண்டின் கோடையில் ராஜஸ்தான் பாலைவனத்தின் வழியே வெட்டுக்கிளிப் படையெடுப்பு நேர்ந்தபோது, பயிர்ப் பாதுகாப்புத் துறைக்கு நிபந்தனையோடு கூடிய விலக்கு அளிக்கப்பட்டு ட்ரோன்கள் மருந்தடித்தன. கொள்ளைநோய்க் காலத்தில் கிருமிநாசினி தெளிக்கவும் அவை வெளிவந்தன. சர்க்கார் தன் விதியிலிருந்து தனக்கே விலக்களித்துக்கொண்டு, தானே முதல் பெரிய வாடிக்கையாளராயிற்று. ஒரே வாடிக்கையாளரை நம்பி வளரும் வியாபாரத்துக்கென்று ஒரு சுபாவம் உண்டு. அது தெருவில் போகிற மனிதனுக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதில்லை. டெண்டர் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும். இந்திய ட்ரோன் கம்பெனிகள் பலவற்றிடம் இச்சுபாவத்தின் தடயம் இன்றைக்கும் தென்படுகிறது.

2021 மார்ச்சில் வெளியான அடுத்த விதித்தொகுதியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்து மாதத்தில் அது கைவிடப்பட்டது. ஆகஸ்டு 25-ஆம் தேதி அதனிடத்தில் வந்த ட்ரோன் விதிகள் படிவங்களை 25-லிருந்து 5-ஆகவும், கட்டண வகைகளை 72-லிருந்து 4-ஆகவும் சுருக்கின. தண்டத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்பு விதித்தன. பதிவுக் கட்டணத்தை நூறு ரூபாயாக்கின. பத்திரிகைகள் இவற்றையே புகழ்ந்தெழுதின. என் கருத்தில், சந்தையை உண்மையாகவே அசைத்தது இவற்றில் எதுவுமன்று; பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் தீட்டி அடுத்த மாதம் வெளியிடப்பட்ட ஆகாயத் தேசப்படமே. பச்சை நிறத்தில் 400 அடி வரை பறக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்தைச் சுற்றி முன்பு 45 கிலோமீட்டர் வரை பரந்திருந்த, அனுமதி கேட்டுப் பறக்க வேண்டிய மஞ்சள் வட்டம் 12 கிலோமீட்டராகச் சுருங்கிற்று. ஆரம் இப்படிச் சுருங்கினால் பரப்பு ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்துக் கணக்கே சொல்லும். மீனம்பாக்கத்திலிருந்து 45 கிலோமீட்டர் என்றால் ஸ்ரீபெரும்புதூரும் செங்கல்பட்டும் அதற்குள் அடங்கிவிடும். 12 கிலோமீட்டர் என்றால் அவ்விரண்டும் வெளியே. தொழிற்பேட்டையின் கூரையை மேலிருந்து சோதிக்கவும், ஏரிக்கரையை அளக்கவும், காற்றாலையின் இறக்கையைப் பார்வையிடவும் ஆளனுப்பும் ஒரு கம்பெனிக்கு, அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமானால் அதுவே லாபம். இதே ஆண்டு பிப்ரவரியில், ட்ரோன் என்ற சொல்லையே முன்னிறுத்தாத வேறொரு துறையின் அறிவிப்பு, தேசப்படம் வரைவதற்கு இந்தியக் கம்பெனிகள் முன்னனுமதி பெறவேண்டும் என்ற நெடுங்காலக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தது. பறக்க அனுமதி கிடைத்தும் எடுத்த அளவைப் பயன்படுத்த அனுமதி இல்லையென்றால் நில அளவைத் தொழில் ஏது?

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கூறும் அவ்விதிகள், அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஷரத்துகளே உரிய மாற்றங்களோடு பொருந்தும் என்கின்றன. சட்டத்தின் பார்வையில், வானத்திலிருந்து விழும் யந்திரமும் சாலையில் மோதும் லாரியும் இழப்பீட்டு விஷயத்தில் சகோதரர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இது பேருதவியாயிற்று என்றுதான் சொல்லவேண்டும். பழக்கமான சட்டத்தைக் கண்டால் பிரீமியம் நிர்ணயிக்க அவர்களுக்குத் தைரியம் பிறக்கிறது.

அந்த 250 கிராம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. 2015-இல் அமெரிக்காவில் எந்த ட்ரோனைப் பதிவு செய்யவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஆராய நியமிக்கப்பட்ட குழு, மனிதன் தலையில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து நேரத்தக்க ஆற்றலைச் சுமார் 80 ஜூல் என்று கொண்டு, விழும் வேகத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கிச் சென்று 250 கிராம் என்ற எல்லையைக் கண்டது. பாதுகாப்பை உத்தேசித்துப் போட்ட கணக்கு அது. ஆனால் அதைப் படித்து முதலில் பயனடைந்தவர்கள் யந்திரம் வடிவமைக்கும் பொறியாளர்கள். 2019 அக்டோபரில் சீனாவின் டி.ஜே.ஐ. கம்பெனி வெளியிட்ட மேவிக் மினி என்ற ட்ரோனின் எடை 249 கிராம். அதே யந்திரத்தின் ஜப்பானியப் பதிப்பு, அந்நாட்டு எல்லை 200 கிராமாக இருந்தமையால், சிறிய பாட்டரியோடு 199 கிராமில் வந்தது. அதன் பயனாய் அது பறக்கும் நேரமும் குறைந்தது. ஆகாயத்தின் இயல்பும் ஈர்ப்பு விசையும் டோக்கியோவில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று என்று இல்லை. விதி வேறாக இருந்தது, அவ்வளவுதான். 2022 ஜூனில் ஜப்பான் தன் எல்லையை 100 கிராமாகக் குறைத்ததும் அந்தச் சிறிய பாட்டரியின் சூக்ஷ்மம் பிரயோஜனமற்றுப் போயிற்று.

நம் நாட்டு விதிகளும் 250 கிராம் வரையுள்ளதை நானோ என்றும், 2 கிலோ வரை மைக்ரோ என்றும், 25 கிலோ வரை சிறியது என்றும், 150 கிலோ வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேற்பட்டதைப் பெரியது என்றும் பிரித்திருக்கின்றன. நானோ ட்ரோனை இயக்குகிறவனுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் வேண்டாம். அதைக் கொண்டு ஒரு ரூபாய் சம்பாதித்தாலும் வேண்டும். கல்யாண வீட்டுக்கு ட்ரோன் எடுத்துச் செல்லும் இளைஞன் 249 கிராம் யந்திரத்தை விரும்புவதற்கு அதன் படத்தெளிவு மட்டுமே காரணமாகாது. வயலுக்குப் போனாலும் இதே சமாசாரந்தான்: இந்தியாவில் மருந்தடிக்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் பத்து லிட்டர் தொட்டியோடு, மருந்தும் பாட்டரியும் சேர்ந்த மொத்த எடை 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் வேறு வகுப்பு, வேறு சான்றிதழ், வேறு பயிற்சி. சீனத்து வயல்களில் நாற்பது லிட்டர் தொட்டிகள் பறக்கத் தொடங்கிய காலத்திலும் நம் தொட்டிகள் பத்து லிட்டரில் நின்றதற்கு நம் நிலங்கள் சிறியவை என்பது ஒரு காரணம். அந்த 25 கிலோக் கோடு மற்றொரு காரணம்.

2022 பிப்ரவரி 9-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் முழு ட்ரோன்களின் இறக்குமதியை, உதிரியாகப் பிரித்துக் கொண்டுவந்து பூட்டுவதையும் சேர்த்து, தடை செய்தது. ஆராய்ச்சிக்கும் ராணுவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. மோட்டார், பாட்டரி, கேமரா முதலிய பாகங்களுக்குத் தடையில்லை. இதற்குச் சற்று முன்னர், உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு மூன்றாண்டுகளில் 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. இத்தொகை, 2020-21-இல் நம் நாட்டு ட்ரோன் தயாரிப்பாளர் அனைவரும் சேர்ந்து செய்த வியாபாரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்று சர்க்காரே சொல்லிற்று. பறக்கும் விதி தளர்ந்த அதே காலத்தில் வாங்கும் விதி இறுகியதென்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இதனால் விளைந்தது ஒரு விசித்திரமான சந்தை. மருந்தடிக்கும் ட்ரோனையும் நில அளவை ட்ரோனையும் நம்மவர்கள் பாகங்களை வரவழைத்துக் கட்டி, முறைப்படி ரகச் சான்றிதழ் பெற்று, மானியத்தோடு விற்கிறார்கள். புதிய விதிகளின் கீழ் முதல் ரகச் சான்றிதழ் 2022 ஜூனில் ஒரு வேளாண் ட்ரோனுக்கே வழங்கப்பட்டது தற்செயலன்று. அச்சான்றிதழுக்கான கட்டணம் நூறு ரூபாய்தான். பரிசோதனைக்கு ஆகும் செலவு அதைப்போல் பன்மடங்காதலால், ஒரு ரகத்தை நூற்றுக்கணக்கில் விற்க வல்லவரே அதற்குத் துணிவர். கைக்கடக்கமான கேமரா ட்ரோன் விஷயத்திலோ, சீனத்துச் சரக்கின் விலைக்கும் தரத்துக்கும் ஈடாக ஒன்றை இங்கே கட்டித்தர வல்லார் அரியர். ஆகவே கல்யாண ஸ்டூடியோத் தொழில், 2014-இல் எந்த நிழலில் நின்றதோ அதே நிழலில் இன்றும் நிற்கிறது. அன்று பறக்கத் தடை, இன்று வாங்கத் தடை. பாதுகாப்பை முன்னிட்டு இத்தடை வேண்டும் என்போரின் வாதத்தில் சாரம் உண்டென்றே நினைக்கிறேன். தரவுகள் எங்கே போகின்றன என்ற கவலை கற்பனையன்று. ஆயினும் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்றால், வாடகைக்கு ட்ரோன் எடுத்துச் சென்று நாள் கூலி வாங்கும் அந்த இளைஞரே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வேளாண்மைக்கு வருவோம், இங்கேதான் விதிகளின் பின்னலை முழுமையாகக் காணலாம். மருந்தடிக்கும் ட்ரோன் ஆகாயத்தில் பறப்பதால் விமானச் சட்டத்துக்கும், பூச்சிமருந்தைத் தெளிப்பதால் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கும் ஒருங்கே கட்டுப்பட்டது. முதுகில் சுமக்கும் தெளிப்பானுக்கென்று பரிசோதித்துப் பதிவு செய்த மருந்தை, பத்து லிட்டர் நீரில் ஓர் ஏக்கருக்கு வேண்டிய அளவைக் கரைத்து மேலிருந்து பொழிவது சட்டப்படி வேறொரு உபயோகம். ஒவ்வொரு மருந்துக்கும் அதற்குத் தனியே பதிவு வேண்டும். விமானத் துறை கதவைத் திறந்துவிட்ட பின்னும் மருந்துத் துறையின் கதவு சாத்தியிருந்தால் குடியானவனுக்கு என்ன லாபம்? 2021 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் செயல்முறை விதிகளை வெளியிட்டது. 2022 ஏப்ரலில், ஏற்கெனவே பதிவாகியிருந்த 477 மருந்துகளை ட்ரோனில் பயன்படுத்த இரண்டாண்டுகளுக்கு இடைக்கால அனுமதி கிடைத்தது. நாட்டில் மருந்தடிப்பு வியாபாரம் சூடுபிடித்த காலத்தையும் இந்தத் தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பது விளங்கும்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பங்குண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் தடைக்காலம் முழுவதும் மாணவர்களைக் கொண்டு ஆளில்லா விமானங்களைக் கட்டிப் பறக்கவிட்டுப் பழகியிருந்தமையால், விதி தளர்ந்தபோது இங்கே கைதேர்ந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிக் கழகமே தொடங்கிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த திருத்தம், விமானி உரிமம் என்பதை ஒழித்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி அளிக்கும் சான்றிதழே போதும் என்றாக்கியது. பத்தாம் வகுப்புத் தேறிய பதினெட்டு வயது இளைஞருக்கு இது திறந்த வாசல். ஆனால் ட்ரோன் தொழிலில் முதலில் நிலையான வருமானம் கண்டவர்கள் ட்ரோன் ஓட்டியவர்களைவிட ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களே என்று சிலர் பரிகாசமாகச் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை.

மானியமும் ஒருவகையில் விதியே. 'நமோ ட்ரோன் தீதி' என்ற திட்டம் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க ஏற்பட்டது. விலையில் 80 சதவீதம், எட்டு லட்சத்துக்கு மிகாமல் மானியம். குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி. மானியத்துக்கு உச்சவரம்பு எங்கே உண்டோ அங்கே விலைப்பட்டியலும் வந்து நிற்பது எல்லா வணிகங்களிலும் காணும் இயல்பு. அது போகட்டும். குழுவின் வரவைத் தீர்மானிப்பது யந்திரத்தின் விலையன்று. ஒரு பருவத்தில் எத்தனை ஏக்கருக்கு மருந்தடிக்க அழைப்பு வருகிறது என்பதே. ஏக்கருக்குச் சில நூறு ரூபாய்க் கூலியில், ஒரு பாட்டரிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்ற கணக்கில், பாட்டரிகளை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும், மின்னேற்ற ஒரு ஜெனரேட்டரும், தண்ணீர் சுமக்க ஓர் உதவியாளும் வைத்துக்கொண்டு, அறுவடைக்கும் நடவுக்கும் இடைப்பட்ட நாட்களில் சும்மாயிருந்து நடத்தவேண்டிய தொழில் இது. அதற்கும் மேலாக, விதிப்படி யந்திரம் ஒன்றுக்கு விமானி ஒருவர் வேண்டும். அவர் கண்ணுக்கு அது எப்போதும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கண்ணுக்குத் தெரியும் தூரம் என்ற விதியைப் பற்றித்தான் நான் கடைசியாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லா விதிகளிலும் பொருளாதார ரீதியில் பலம் மிக்கது இதுவே. ட்ரோன் மூலம் வீட்டுக்கு வீடு சரக்கு கொண்டுசெல்லும் வியாபாரத்தைப் பற்றி 2013 டிசம்பரில் அமேஸான் அதிபர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அமெரிக்க விதிகள் இடங்கொடாமையால் அக்கம்பெனி 2016-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே போய்ச் சோதனை நடத்திற்று. கலிபோர்னியாவில் பிறந்த ஜிப்லைன் என்ற கம்பெனி இன்னும் தொலைவு சென்றது. மலைகளும் மண்சாலைகளும் நிறைந்த ருவாண்டா தேசத்தில், 2016 அக்டோபர் முதல் முஹாங்கா என்ற ஊரிலிருந்து கவண்போன்ற ஏவுதளத்தால் சிறகுடைய ட்ரோன்களை எறிந்து, ஆஸ்பத்திரிகளின் வாசலில் ரத்தப் பொட்டலங்களைப் பாராசூட்டில் இறக்கியது. அங்கே அத்தொழில் பிழைத்ததற்கு, கண்ணுக்கெட்டாத தூரம் பறக்க அந்நாட்டு அரசாங்கம் இசைந்ததே காரணம்; 2018-இல் அவர்கள் வகுத்த விதிகளும், எப்படிப் பறக்கவேண்டும் என்று பட்டியலிடாமல், எவ்வளவு ஆபத்துக்குமேல் ஆகாது என்று மட்டும் நிர்ணயித்தன. நம் நாட்டில் 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்திலும், அக்டோபரில் மணிப்பூரின் லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கும் மருந்தும் தடுப்பூசியும் பறந்தன. மணிப்பூரில் 15 கிலோமீட்டரைக் கால்மணி நேரத்துக்குள் கடந்தார்கள். அவையும் தனி விலக்கின் பேரில் நடந்தவையே. இப்படிப் பொதுவிதியாகாமல் விலக்காகவே நிற்பதால், சரக்குப் போக்குவரத்து நம்மிடையே பெரும்பாலும் ஒத்திகையாகவே இருந்து வந்திருக்கிறது.

கம்பெனிகள் இந்த விதியை நீக்கவேண்டும் என்று இடைவிடாமல் கேட்கின்றன. நீங்குவதற்கான அறிகுறிகளும் தெரிகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட வரைவு விதிகள், கண்ணுக்கெட்டாத தூரப் பறப்பை வழக்கமான தொழிலாக்க முற்படுகின்றன. அவற்றின்படி ஒவ்வொரு யந்திரத்துக்கும் உரிமம் பெற்ற விமானி வேண்டாம். கம்பெனிக்கு அனுமதி, கம்பெனியின் மேற்பார்வையாளருக்குப் பொறுப்பு, திரையின் முன் அமர்ந்து பல யந்திரங்களைக் கண்காணிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு வேலை. நம் நாட்டிலும் அடுத்த மாதமே ட்ரோன்களுக்கெனத் தனிச் சட்ட வரைவு ஒன்று பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அதே செப்டம்பரில் 18 சதவீதமும் 28 சதவீதமுமாக இருந்த சரக்கு சேவை வரி ஒரே சீராக 5 சதவீதமாயிற்று. யந்திரம் மலிவாகும், தூரம் நீளும். அப்போது யாருக்கு லாபம் என்ற கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு யந்திரத்துக்கு ஒரு மனிதன், அவன் கண்ணெதிரே யந்திரம் என்ற விதி இருக்கும் வரைதான், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் சான்றிதழ் வாங்கிய பெண்ணுக்கும், தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்கு வாடகைக்குப் போகும் பையனுக்கும் பெரிய கம்பெனியோடு சரிநிகராய்த் தொழில் செய்ய இடமுண்டு. ஏனெனில் பெரிய கம்பெனியும் அதே வயலுக்கு ஓர் ஆளை அனுப்பித்தான் ஆகவேண்டும், அந்த ஆளுக்கும் பேருந்துக் கட்டணமும் கூலியும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். உரிமம் மனிதனிடமிருந்து கம்பெனிக்கு மாறும் நாளில், நூறு மைலுக்கு அப்பாலிருந்து பத்து ட்ரோன்களைப் பறக்கவிடுபவன் சொல்லும் கூலிக்கு அந்தப் பெண் இறங்கிவர முடியாது. நம் சட்ட வரைவைப் படித்து அபிப்பிராயம் எழுதி அனுப்பியவர்களில் யந்திரம் தயாரிப்பவர்களும் சரக்கனுப்பும் கம்பெனிகளும் நிச்சயம் இருந்திருப்பார்கள்; பத்து லிட்டர் தொட்டியை வரப்பில் வைத்துப் பாட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறவர்களின் சார்பில் யாரேனும் எழுதினார்களா என்பதை, இங்கே அமர்ந்திருக்கும் வணிகவியல் மாணவர்களில் ஒருவர் தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு விசாரித்துச் சொன்னால் நலம்.